கொதித்த பயணிகளில் ஒருத்தி

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் கிடையாது. உலகத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் ஆரம்பித்துவிடுவாள். எங்கே பாலம் இடிந்தது, எந்த மந்திரி எந்த மந்திரியைத் திட்டினார், வெங்காயம் என்ன விலை, கடல் தாண்டி யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எல்லாம் வரும். கூடவே அவளுடைய தீர்ப்பும் வரும். இவர் ‘ம்’ போடுவார். ஒரு ‘ம்’ குறைந்தால் போதும், “கேக்குறீங்களா, இல்ல சுவத்துக்கிட்ட பேசிட்டிருக்கேனா?” என்பாள். “கேக்குறேன், கேக்குறேன்” என்பார். பாதி கேட்டிருப்பார். மீதிப் பாதி நேரம் அவர் தலைக்குள் எங்கோ ஒரு கட்டடத்தில் கதவு சரியாக மூடாத லிஃப்ட் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அவள் போய் ஒரு மழைக்காலம் கழிந்து, வெயிலும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கியவள், தலை வலிக்கிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முன்வாசல் கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் டோக்கன் கொடுத்தவள், டோக்கன் எடுக்காமலே அந்த ஆஸ்பத்திரிக்குள் போனாள்.

அதற்கப்புறம் வீட்டில் செய்தி என்பதே இல்லாமல் போனது. டிவியைப் போட்டுவிடுவார், சத்தத்துக்காக. வாரத்தில் இரண்டு நாள் அவருடைய அக்கா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவாமல் கிடப்பதைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுப் போவாள். வேறு ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள்.

“சாப்டீங்களாப்பா?”

“சாப்டேன்.”

“தூக்கம் வருதா?”

“வருது.”

“சரிப்பா.”

“சரிம்மா.”

கொஞ்சம் நீட்டிப் பேசினால் இரண்டு பேருமே அழுதுவிடுவார்கள். அதனால் இரண்டு பேருமே போனைச் சீக்கிரம் வைத்துவிடுவார்கள்.

அன்றைக்கு ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோயிருந்தது. காலையிலிருந்து அதன் அடிக்குழிக்குள் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு வெளியே வந்தார். கை துடைக்கத் துணி தேடினார். துணி மேலே மெஷின் ரூமில் இருந்தது. வாட்ச்மேன், தான் படித்துக்கொண்டிருந்த பேப்பரில் நடுத்தாளை உருவி நீட்டினார்.

“இதுல துடைங்க சார். படிச்சாச்சு. பஸ் கட்டணம் மறுபடியும் ஏறப் போவுதாம், வேற என்ன இருக்கு அதுல.”

வாங்கிக் கசக்கி, வலது கையைத் துடைத்தார். இடது கையைத் துடைக்கத் தாளைத் திருப்பினார். அதில் அவருடைய மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று தாளை முழங்காலில் வைத்து நீவினார். ஒரு பஸ் நிறுத்தம். கூட்டம். பின்னால் ஆள் நிரம்பி ஒரு பக்கம் சாய்ந்த பஸ். கூட்டத்தில் எல்லாருமே மாமியார் வீட்டு விருந்தில் உப்பில்லாமல் சாப்பிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவள் மட்டும் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளில் இருந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே, ‘கட்டண உயர்வுக்கு எதிராகக் கொதிக்கும் பயணிகள்’ என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில், ‘கோப்புப் படம்’.

“என்ன சார், தெரிஞ்சவங்களா?” என்றார் வாட்ச்மேன்.

“ஆமா” என்றார். தாளை மடித்துச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கிரீஸ் கையோடு பைக்கை எடுத்தார்.

சாயங்காலம் அக்கா வந்து படத்தைப் பார்த்ததும் கொதித்தாள். பேப்பர்காரன் போட்டிருந்த கொதிப்பு அவளிடத்தில்தான் இருந்தது. “செத்தவ படத்தைப் போட்டு யாவாரம் பண்றானா? யார்கிட்ட கேட்டுப் போட்டான்? நீ சும்மா இருப்ப, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க? போய்க் கேளுடா!” மகள் போனில் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். “அப்பா, இனிமே போடக் கூடாதுன்னு சொல்லுங்கப்பா. பஸ் நியூஸ் வர்றப்ப எல்லாம் போடுவாங்க. நான் ஏதாவது கடையில நின்னுட்டு இருக்கும்போது திடீர்னு பார்த்தா என்னால தாங்க முடியாது.”

“சரிம்மா. சொல்லிடறேன்.”

மறுநாள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசலில் யாரைப் பார்க்கணும் என்று கேட்டார்கள். “படம் போடறவங்களை” என்றார். நான்காவது மாடி என்றார்கள். அந்த லிஃப்ட் மாடிக்கு மாடி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வேறு நாளாக இருந்தால் கீழே போய் யாரிடமாவது சொல்லியிருப்பார்.

படப் பிரிவில் ஒரு இளம்பெண் கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இவர் கிரீஸ் கறை படிந்த தாளைப் பிரித்து மேஜையில் வைத்தார். விரலால் தொட்டுக் காட்டினார்.

“இது என் சம்சாரம். இப்போ உசுரோட இல்ல.”

அந்தப் பெண் பதறி எழுந்துவிட்டாள். “ஐயோ சார். மன்னிச்சிக்கோங்க சார். எங்களுக்குத் தெரியாது. பஸ் செய்தின்னா கைக்கு முதல்ல வர்றது இந்தப் படம்தான். உடனே எடுத்துடறோம். உக்காருங்க, தண்ணி குடிங்க.”

அவள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் தேடித் திறந்தாள். திறந்ததும், அதற்கு முன்னும் பின்னும் அதே நாளில் எடுத்த படங்களும் வரிசையாகத் திரையில் வந்தன. மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு படத்தில் மனைவி கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்ததில் பக்கத்துப் பெண்ணின் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்குகிறாள். அடுத்ததில் அந்தப் பேப்பராலேயே அவளை அடிக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும். இவருக்குத் தெரிந்த அதே பச்சைப் புடவை, அதே கைப்பை. ஆனால் இவ்வளவு சிரிப்பை அவர் வீட்டில் எப்போதாவதுதான் பார்த்திருக்கிறார். அது அவருக்குச் சுருக்கென்று இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தபின், சந்தோஷமாகவும் இருந்தது.

தோளில் கேமராப் பையோடு உள்ளே வந்த பருமனான ஆள் திரையை எட்டிப் பார்த்தார். “அட, இந்த அம்மாவா!” என்றார். படம் எடுத்தவர் அவர்தான். விஷயம் தெரிந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். அன்னைக்கு ஆபீஸ்ல, கொதிப்பா ஒரு படம் வேணும்னுட்டாங்க. போய்ப் பார்த்தா ஜனங்க சும்மா நிக்கிறாங்க, ஒருத்தர் மூஞ்சியிலயும் கொதிப்பு இல்ல. ‘கொஞ்சம் கோவமா பாருங்க, பேப்பர்ல போடணும்’னு கேட்டேன். எல்லாரும் கேட்டபடி உம்முனு நின்னாங்க. இந்த அம்மா மட்டும், ‘ஏம்ப்பா, தினம் இங்க கோவமாத்தான நிக்கிறோம், அப்பல்லாம் ஒருத்தனும் வரல. இன்னைக்குத்தான் ஒரு ஆள் வந்திருக்க, இன்னைக்காவது சிரிச்சிக்கிறோமே’ன்னாங்க. சொல்லிட்டு ஒரு சிரிப்பு. எனக்கே கை ஆடிப் போச்சு.”

மெக்கானிக் தலையை ஆட்டினார். அது அவள்தான். அச்சு அசல் அவள் பேச்சு. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் சொன்ன புதிதான ஒன்று காதில் விழுந்திருக்கிறது.

“அப்போ இனிமே போட வேண்டாம், இல்லையா சார்?” என்று கேட்டாள் அந்தப் பெண், மவுஸில் விரலை வைத்தபடி.

மகள் சொன்னது காதில் இருந்தது. திரையில் மனைவி பேப்பரை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

“இருக்கட்டும்மா” என்றார் கடைசியில். “நான் வீட்ல ஒரு தரம் கேட்டுட்டு வர்றேன். இப்ப இந்தப் படமெல்லாம் எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?”

படம் எடுத்தவரே நல்ல தாளில் அச்சுப் போட்டு, உறையில் வைத்துக் கொடுத்தார். மெக்கானிக் வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்டார். “பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்க யாரு?”

“தெரியலையே சார். ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஏறினாங்க. மேம்பாலத்துக்குக் கீழ, பஸ் மாறி ஏறுவாங்களே, அந்த இடம். ஆஸ்பத்திரி வழியா போற பஸ்.”

அந்த இடம் மெக்கானிக்குக்குத் தெரியும். பைக்கில் அதைத் தாண்டாத நாள் இல்லை. ஆனால் அங்கே ஒருநாளும் நின்றதில்லை. மனைவி வீட்டிலிருந்து ஒரு பஸ், அங்கே இறங்கி இன்னொரு பஸ் என்று தினமும் போய்வந்தாள். வேலை நேரம் ஒத்துவரவில்லை என்பதால் இவர் கொண்டுபோய் விட்டதும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பயணம். போக ஒன்று, வர ஒன்று. அத்தனை மணி நேரம் அவள் என்ன செய்தாள் என்று ஒருநாளும் அவருக்குக் கேட்கத் தோன்றியதில்லை. உட்கார்ந்து வந்திருப்பாள், வேறென்ன என்று இருந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மகளிடம், எல்லாம் நாளைக்குச் சொல்றேன் என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் பைக்கை மேம்பாலத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு, நிறுத்தத்தில் போய் நின்றார். அந்தப் பெண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. அதே இடத்தில், அக்குளில் மடித்த பேப்பரோடு நின்றுகொண்டிருந்தாள். மனைவி வயதுதான் இருக்கும். தெரியாத பெண்ணிடம் போய் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? இரண்டு தடவை கிட்டப் போய் இரண்டு தடவை திரும்பினார். மூன்றாம் தடவை அவள் முறைத்தாள்.

“என்ன வேணும் உங்களுக்கு?”

உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். அவள் பார்த்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை அவர் சட்டைப் பையில் குத்தியிருந்த, கரன்ட் பார்க்கிற டெஸ்டரில் வந்து நின்றது.

“லிஃப்ட்காரரா நீங்க?”

“எப்படித் தெரியும்?”

“கல்யாண வீட்டுக்குக்கூட டெஸ்டரைக் குத்திக்கிட்டுத்தான் வருவாருன்னு அவ சொல்லாத நாள் உண்டா?” அவள் முகம் இளகப் பார்த்தது. உடனே இறுகிக்கொண்டது. “சரி, எதுக்கு வந்திருக்கீங்க? அவ அனுப்பினாளா? ஏன், அம்மா தானே வர மாட்டாங்களோ? புருஷனைத் தூது விட்டிருக்காளா? நான் ஒண்ணும் கோவமா இல்லைன்னு போய்ச் சொல்லுங்க. எனக்கு ஒரு கோவமும் இல்ல. வேற பஸ்ல போறதுன்னா தாராளமாப் போகட்டும்.”

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும், தெருவில் எல்லாருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் ஓடுகிறது என்று யாருக்கு நினைப்பு வந்தது?

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் நெருக்கியது. அவள் ஏறினாள். அவரும் பின்னாலேயே ஏறினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பழக்கத்தில் கைப்பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உக்காருங்க. அவ இடம்தான்.”

உட்கார்ந்தார். பஸ் இரண்டு திருப்பம் திரும்பியது. மூன்றாவது திருப்பத்தில் சொன்னார்.

“அவ இல்லைங்க.”

“வேலைய விட்டுட்டாளா? பொண்ணு ஊருக்குப் போயிட்டாளா? சொல்லிட்டிருந்தா.”

“இல்லீங்க. அவ இல்லை.”

அவள் முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கையிலிருந்த பேப்பரை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்தபின் கேட்டாள்.

“எப்போ?”

“போன மழைக்கு முன்னால. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம்.”

“எந்த ஞாயித்துக்கிழமை?” என்று கேட்டவள், பதில் வருமுன்னே தானே கணக்குப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தில் சிரிப்பை அடக்கப் பொத்தியிருந்த அதே கைதான், அதே மாதிரிதான். ஆனால் இப்போது தோள் குலுங்கியது வேறு மாதிரி.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு, “என்ன பேப்பரக்கா, என்னாச்சு?” என்றார். அவள் கையை ஆட்டி அவரை அனுப்பினாள். “அப்புறம் சொல்றேன், போ.”

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேச ஆரம்பித்தாள். அவள் கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிறவள். வருஷக்கணக்காக அதே பஸ். தினம் அவள் பேப்பர் வாங்கி வருவாள், மனைவி அதைப் பிடுங்கிச் சத்தமாகப் படிப்பாள், பின் சீட்டுக்காரர்கள் கருத்துச் சொல்வார்கள். மனைவிக்கு டோக்கனக்கா என்று பெயர், இவளுக்குப் பேப்பரக்கா. தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்த செய்திகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று மெக்கானிக்குக்கு இப்போதுதான் தெரிந்தது.

“அந்த சனிக்கிழமை சண்டை அண்ணே” என்றாள். “என் பையனைப் பத்தி. அவனுக்குக் கழுதை வயசாகுது. வேலைக்குப் போறான், சம்பாதிக்கிறான், ஆனா போட்ட சட்டையை நான்தான் தோய்ச்சுக் குடுக்கணும். குடிச்ச டம்ளரை நான்தான் எடுக்கணும். அதைப் பத்திப் பொலம்பிட்டு வந்தேன். அவ பொசுக்குன்னு, ‘அவனைச் சொல்லி என்ன, நீதான் கெடுத்து வெச்சிருக்க, நாளைக்கு வர்ற மருமக உன்னைத்தான் திட்டுவா’ன்னுட்டா. பஸ்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. ‘நீ உன் வேலையைப் பாருடி’ன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டோம். இறங்கும்போதுகூட அவ ‘வர்றேன்’னு சொல்லல. நானும் சொல்லல.”

“ம்” என்றார் அவர். இந்த ‘ம்’ முழுசாகக் கேட்டுப் போட்டது.

“திங்கக்கிழமை வரல. செவ்வாய் வரல. ரோஷத்தைப் பாருன்னு நெனச்சேன். போன் அடிச்சேன், எடுக்கல. மறுபடி அடிச்சேன், எடுக்கல. வேணும்னே எடுக்கலைன்னு விட்டுட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல பஸ் நிக்கும் அண்ணே, தினமும் நிக்கும். இறங்கி எட்டிப் பார்த்திருக்கலாம். அவளே வரட்டும்னு உக்காந்திருந்தேன்.”

மெக்கானிக்குக்கு அப்போதுதான் அது உறைத்தது. அந்த வாரம் மனைவியின் போன் அலமாரி மேல் கிடந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யார் யாரோ அழைத்தார்கள், விஷயம் கேட்கத்தான். அதில் ‘பேப்பர்’ என்று ஒரு பெயர் வந்தது.

“நான்தாங்க எடுக்கல” என்றார். “பேப்பர்னு வந்துச்சு. பழைய பேப்பர் எடுக்கிறவர் போலன்னு நெனச்சு விட்டுட்டேன். இப்பதானா இந்த ஆளுக்குப் பேப்பர் கேக்கணும்னு கோவம்கூட வந்துச்சு.”

அவள் கண்ணீரோடு அவரைத் திரும்பிப் பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஒரு சிரிப்பு வெடித்தது. “பழைய பேப்பர்காரியா நானு!” என்றாள். “இதை அவ கேட்டிருந்தா ஒரு மாசம் வெச்சு ஓட்டியிருப்பா.” அவருக்கும் சிரிப்பு வந்தது. முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். கண்ணும் மூக்கும் ஒழுக இரண்டு பேர் சிரித்தால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்?

“உங்களை வெச்சும் ஓட்டுவா” என்றாள் அவள். “தினமும் மேல போயிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா இறங்கி வந்துடற ஒரே ஆம்பளை எங்க வீட்டுக்காரர்தான்னு...” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலே போனவள் யார், இங்கே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நினைப்பு வந்துவிட்டது. “மன்னிச்சிக்கோங்க அண்ணே. வாயில வந்துடுச்சு.”

“பரவாயில்லைங்க. இன்னும் என்ன சொன்னா?”

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவர் மெஷினோடு பேசுவார் என்று சொன்னாளாம். மகள் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கிரீஸ் கையோடு கும்பிட்டார் என்று சொன்னாளாம். வாய் திறக்க மாட்டார், ஆனால் தனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி பூரா உட்கார்ந்திருப்பார் என்றும் சொன்னாளாம். ஊர் பேர் தெரியாத அத்தனை பேருக்கும் இந்தப் பஸ்ஸில் தன்னைத் தெரிந்திருந்தது என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இன்னும் கேட்க வேண்டும்போலவும் இருந்தது.

பஸ் கடைசி நிறுத்தத்தில் போய் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா அண்ணே? பொய் சொல்லக் கூடாது. அந்த ரெண்டு நாள்ல என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா? சண்டையைப் பத்தி?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. உங்கள்மேல் கோபமே இல்லை என்று சொன்னாள், திங்கட்கிழமை பேசணும் என்று சொன்னாள் என்று சொல்லலாம். அவர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இந்தப் பெண் பொய் சொல்லக் கூடாது என்று கேட்டிருக்கிறாள். அதுவும் மனைவியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மனைவி சொல்லாததைச் சொன்னதாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“எனக்குத் தெரியலைங்க” என்றார். “சொல்லியிருப்பா. சனிக்கிழமை வந்து ஏதோ சொல்லிட்டுத்தான் இருந்தா. நான் சரியா கேக்கல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆனா ஒண்ணு தெரியும்” என்றார். பேசிப் பழக்கமில்லாத மனிதர், சொல்லைத் தேடித் தேடி எடுத்தார். “நானும் அவளோட எவ்வளவோ சண்டை போட்டிருக்கேன். சனிக்கிழமைதான் எங்களுக்குச் சண்டை நாளே, நான் வீட்ல இருக்கிற நாள். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா. ராத்திரி பேச மாட்டா. காலையில பேச மாட்டா. ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானத்தைத் தாண்டி அந்தக் கோவம் நின்னதே இல்லைங்க. சாப்பாடு போடும்போது அவளே ஏதாவது பேச்செடுத்துடுவா. ஒரு தடவைகூட மாறினதில்ல. அவ போனது ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அதுக்குள்ள உங்க மேல இருந்த கோவமும் போயிருக்கும். நான் சத்தியமாச் சொல்லுவேன்.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அவ சொன்னது சரிதான் அண்ணே” என்றாள். “அவ மேல இருந்த ஆத்திரத்துல வீட்டுக்குப் போய், ‘இனிமே உன் துணியை நீயே தோய்ச்சுக்கடா’ன்னுட்டேன். ரெண்டு வாரம் நாறிக்கிட்டுத் திரிஞ்சான். அப்புறம் தோய்க்க ஆரம்பிச்சான். இப்ப என் புடவையையும் சேர்த்துத் தோய்ச்சுப் போடறான். இதை அவகிட்ட எப்படா சொல்லுவோம்னு இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன். நீதான் ஜெயிச்சிட்டடின்னு சொல்லணும்னு.”

அந்தப் பஸ்ஸே திரும்பிப் போக வேண்டியது. டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அவள் எழுந்து போய்க் கண்டக்டரிடம் மெல்லச் சொன்னாள். கண்டக்டர் பையைக் கழற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக்கிடம் வந்து, அவர் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். மெக்கானிக் உறையைத் திறந்து, மனைவி பேப்பரால் அடிக்கிற படத்தைப் பேப்பரக்காவிடம் கொடுத்தார். கூரியர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கும்போது அவள், “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன் அண்ணே. பொண்ணு வந்தா சொல்லுங்க, அவளையும் பார்க்கணும்” என்றாள். பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்று, “வர்றேன்” என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.

அன்றைக்கு வேலைக்குப் போக மத்தியானமாகிவிட்டது. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் இரண்டாம் மாடிக்காரர் காய்கறிப் பையோடு நின்று கத்தினார். மெக்கானிக் திட்டை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

“சாப்டீங்களாப்பா?”

“இன்னும் இல்ல. இப்பதான் அடுப்புல வெச்சிருக்கேன்.”

“பேப்பர் ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா? இனிமே போட மாட்டாங்கல்ல?”

“சொல்லலம்மா.”

“ஏம்ப்பா?” அவள் குரல் உயர்ந்தது. “சொல்றேன்னு சொன்னீங்கல்ல?”

“உன்னைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு வந்துட்டேன். முழுசா கேட்டப்புறம் நீ வேணாம்னு சொன்னா, நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உங்கம்மா எதுக்குச் சிரிச்சான்னு தெரியுமா உனக்கு?”

அவர் ஆரம்பித்தார். கொதிப்பு வேண்டும் என்று கேட்டுவந்த ஆளைப் பற்றிச் சொன்னார். பிடுங்கின பேப்பரைப் பற்றிச் சொன்னார். சொல்லத் தெரியாமல் முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லி, பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் சொல்லி, திரும்ப எடுத்துச் சொன்னார். அழுதுகொண்டிருந்த மகள் நடுவில் ஒரு இடத்தில் களுக்கென்று சிரித்தாள். அடுப்பில் வைத்தது தீய்கிற வாசனை வந்தது.

“இரும்மா, அடுப்பை அணைச்சிட்டு வர்றேன்.”

“வெச்சிடாதீங்கப்பா” என்றாள் அவசரமாக. “நான் லைன்லயே இருக்கேன். அந்தம்மா அப்புறம் என்ன சொன்னாங்க?”